தண்ணீர் வார்க்கும் காட்சியைப் பற்றி ஒரு கேள்வி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். மேடையில் நின்று சிங்களத்தில் பேச வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டித் தன் உள்ளங்கையால் என் மைக்கைப் பொத்தினார். நான் பல வருடங்கள் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தவள். கோர்ட்டில் சட்டத்தரணிகள் என்மேல் எரிந்து விழுந்திருக்கிறார்கள். ஆனால் பேசவிடாமல் மைக்கைப் பொத்தியவர் அவர் ஒருவர்தான்.

படம்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிங்களப் படமொன்றைத் தமிழ் சப்டைட்டிலுடன் தமிழர்களுக்குக் காட்டி, டிரெக்டருடன் கலந்துரையாட ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்தது. எனக்கு கன்செக்யூட்டிவ் வேலை. அதாவது, ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்ற மொழியில் நான் சொல்லவேண்டும்.

படத்தில் ஒரு சிப்பாயின் சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. பிக்குகள் ஓத, தாய் மூக்கு வைத்த கெண்டியிலிருந்து கிண்ணத்துக்குள் தண்ணீர் வார்க்கிறாள். கிண்ணம் நிரம்பி வழிகிறது. அவள் நிறுத்தவில்லை. கெண்டி வெறுமையான பிறகும் அதைச் சரித்துப் பிடித்தபடியே இருக்கிறாள்.

நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். பௌத்த மரண வீடுகளில் இதைப் பார்த்திருந்தேனே தவிர, பொருள் சரியாகத் தெரியாது. முன்கூட்டியே டிரெக்டரிடம் கேட்டேன். பிளேன்டீ குடித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். உயிரோடிருப்பவர்கள் செய்த புண்ணியம் வழிந்தோடும் தண்ணீர்போல இறந்தவரைப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அந்தச் சடங்கு. "அந்தத் தாய்க்குக் குடுத்தது போதேல்லை. அதுதான் கெண்டியைக் கீழே வைக்க மனமில்லை," என்றார்.

கேள்வி

படம் முடிந்ததும் ஒரு பையன் அந்தக் காட்சிக்கு விளக்கம் கேட்டான். டிரெக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அடுத்து வத்தளையிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்தார்.

"பிள்ளை, ஐயாட்டக் கேளுங்கோ. எங்களிட்டயும் எள்ளுந் தண்ணியும் இறைக்கிறது இருக்கு. அந்தத் தாய்க்குப் பெட்டி வந்தது, ஊத்தினா. என்ர மகனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. செத்திட்டான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இறைச்சால் நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி. இறைக்காமல் விட்டால், அவன் செத்திருந்தால், தண்ணிக்குத் தவிச்சுக்கொண்டு நிப்பானெல்லோ. நான் என்ன செய்யிறது?"

அப்போதுதான் அந்தக் கை வந்தது. கூட்டத்தின் அமைப்பாளர். அவரும் தமிழர்தான்.

"தங்கச்சி, உதைச் சொல்லாதையும்," என்றார் மெதுவாக. "படம் நல்லாப் பிடிச்சிருக்காம், ரெண்டு சமயத்திலயும் தண்ணி ஒண்டுதானாம் எண்டு சொல்லிவிடும்."

"அவா அப்பிடிச் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும். முன்வரிசையில அரசாங்க ஆக்கள் இருக்கினம், பாரும். உமக்கு அடுத்த புரோகிராம் வேண்டாமோ?"

டிரெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா மொகத கிவ்வே?" என்று கேட்டார். அம்மா என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேள்வி கேட்ட அம்மாவோ இன்னும் நின்றுகொண்டிருந்தார், மைக் பொத்தப்பட்டதைப் பார்த்துக்கொண்டே.

அமைப்பாளரின் விரல்களைப் பிடித்து விலக்கினேன். எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. பேசியவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். ஆகவே, 'மகே புதா', என் மகன், என்று சிங்களத்தில் ஆரம்பித்து ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

டிரெக்டர் கதிரையிலிருந்து எழுந்தார். "மங் தன்னே நே, அம்மே," என்றார். தனக்குத் தெரியாது என்றார். படத்தில் தான் பெட்டியை வரவைத்துவிட்டதாகவும், பெட்டியே வராத தாயை நினைத்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அதையும் சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"சரி ஐயா," என்றார் அம்மா. "மகனைத் தேடிப் போன கந்தோர்களில எல்லாம் ஏதோ ஒண்டு சொல்லித்தான் அனுப்பினவை. நீங்கள் தெரியாது எண்டு சொன்னீங்கள்." பிறகு உட்கார்ந்தார். அழவில்லை.

பிறகு

சில நாட்களில் நிறுவனத்தின் செய்தி பேப்பரில் வந்தது. 'இரு சமயங்களிலும் நீர் ஒன்றே: தமிழ்த் தாய் நெகிழ்ச்சி.' அமைப்பாளருக்குப் போன் எடுத்தேன்.

"அந்த மனுசி சொல்லாததை ஏன் போட்டனீங்கள்?"

"ரிப்போர்ட் முதலே ரெடியா இருந்தது. நீர் ஏன் இப்ப கத்துறீர்?"

அன்றைக்கு நான் உண்மையிலேயே கத்தினேன். வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்த நிறுவனம் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சமாதானம் செய்துவைக்க நம்மை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவேண்டும், அவ்வளவுதான். கேட்பவருக்கு நெஞ்சு சுட்டால் சுடட்டும். ஒரு தாயின் கேள்வியைப் பாராட்டாக மாற்றிச் சொல்லும்படி கேட்பவன் கேட்பது மொழிபெயர்ப்பு அல்ல. அந்தத் தாயின் மகனை இன்னொருமுறை காணாமல் ஆக்கச் சொல்கிறான்.