ஒரு ஆள் குறைகிற பேண்ட்

சென்ற மாதம் ஒரு இளைஞர் என் வீட்டு கேட்டைத் தட்டினார். தோளில் கேமரா பை. முகத்தில் மலையேறி சாமி பார்க்க வந்தவரின் பரவசம்.

“மேடம்... இந்த மாடிதானே?”

“எந்த மாடி?”

“நாலாம் ஷிஃப்ட் பேண்ட் உருவான மாடி!”

சுங்குவார்சத்திரத்தில் இருக்கிற என் வீட்டு மாடிக்கு இப்படி ஒரு பெருமை உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னைப் பொறுத்தவரை அது மழை வந்தால் ஒழுகுகிற மாடி. பேச்சியம்மாளும் இன்னும் சில பெண்களும் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாரும் தென்மாவட்டத்துப் பெண்கள், எல்லாருக்கும் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. இதில் பேச்சியம்மாள் மட்டும் கொஞ்சம் தனி ரகம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாஸ் கிடார் வாசிப்பாள், பாடவும் செய்வாள்.

அந்த பாஸ் கிடார் என் பூஜை அறைக்கு நேர் மேலே உறுமும்போது சாமி படமெல்லாம் ஆடும். எத்தனையோ முறை கீழேயிருந்து கத்தியிருக்கிறேன். “இந்தா முடிச்சிருதேங்க்கா” என்பாள். முடிக்க மாட்டாள்.

இவளைத் தேடித்தான் சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறது. வாராவாரம் பத்தி எழுதுகிறவள் நான் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன்... என்னை ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை!

சரி, நாலாம் ஷிஃப்ட் என்றால் யார்? மூன்றே பேர். பாஸும் குரலும் பேச்சியம்மாள். கிடார் ஏழுமலை — வாலாஜாபாத்காரர், கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். டிரம்ஸ் டேவிட் — ஒரகடமே சொந்த ஊர், லாரி கம்பெனியில் வேலை. அவர்கள் வாசிப்பதற்குப் பெயர் போஸ்ட்-பங்க்காம். பங்க் என்றால் கோபத்தில் கத்துவது. கத்தி முடித்த பிறகும் கோபம் தீரவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவோமே — அது போஸ்ட்-பங்க். இது என்னுடைய விளக்கம். வந்தவருக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய விளக்கம் வேறு. “பேச்சியம்மாளோட வாய்ஸ்ல ஒரு பற்றின்மை இருக்கு பாருங்க மேடம்... அது ஃபேக்டரி வாழ்க்கையோட வெறுமை!”

வெறுமையா? கூட இருக்கிற பெண் நைட் ஷிஃப்ட் முடித்துப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். சத்தமாகப் பாடினால் தலையணை பறந்து வரும். அதனால் பேச்சியம்மாள் முணுமுணுத்தாள். இப்போது சென்னையில், கோவையில், பெங்களூரில் என்று புதிதாகக் கிளம்புகிற எல்லாரும் முணுமுணுக்கிறார்களாம்.

“பாட்டெல்லாம் நடுவுல சட்டுனு அறுந்து போகுதே மேடம், அந்த முடிவின்மை...”

கம்பெனி பஸ் வந்திருக்கும். வேறென்ன?

“எல்லாத்துக்கும் மேல, மேடையில அந்த வெற்றிடம்! எப்பவும் ரெண்டு பேர்தான் வாசிப்பாங்க. மூணாவது ஆளோட இடம் காலியா இருக்கும். இல்லாமையையே ஒரு வாத்தியமா மாத்திட்டாங்க!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னே? மூன்று பேருக்கும் மூன்று கம்பெனி. ஒருவர் காலை ஷிஃப்ட் என்றால் ஒருவர் மதியம், இன்னொருவர் இரவு. வாராவாரம் மாறும். வார லீவும் ஆளுக்கொரு நாள். தப்பித்தவறி ஒத்துவந்தால் அன்றைக்கு ஓ.டி. போடச் சொல்லுவார் சூப்பர்வைசர். மாலையில் கச்சேரி வைத்தால் யாருக்கு மதிய ஷிஃப்டோ அவர் வர முடியாது. இதுதான் அந்த வெற்றிடம்!

ஆல்பங்கள் எப்படி வந்தன என்கிறீர்களா? ஒரு லேப்டாப். அதை பஸ் ஸ்டாப் டீக்கடையில் கைமாற்றிக் கைமாற்றி ரெக்கார்டு செய்தார்கள். டேவிட் டிரம்ஸைப் போட்டு வைத்துவிட்டு பஸ் ஏறுவார். இறங்குகிற பேச்சியம்மாள் அதை வாங்கி வந்து, அதன் மேல் பாஸும் குரலும் சேர்ப்பாள். அப்புறம் ஏழுமலை கையில் போகும். லைனில் கார் தயாராகிற மாதிரியே பாட்டும் தயாரானது.

ஆக, இத்தனை வருடத்தில் அந்த மூன்று பேரும் ஒன்றாக நின்று ஒரு பாட்டைக் கூட வாசித்ததில்லை. ஒருமுறை கூட! அதைப் பார்த்து இன்றைக்குப் புது பேண்டுகள் வேண்டுமென்றே ஒரு ஆளை வீட்டில் விட்டுவிட்டு மேடை ஏறுகின்றன. என்னத்தைச் சொல்ல...

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டேவிட்டுக்குப் போலந்தில் வேலை கிடைத்துவிட்டது. விஜயதசமி அன்று இரவு ஃப்ளைட்.

செய்தி தெரிந்த அன்று பேச்சியம்மாள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். “அவன் போறதுக்குள்ள ஒரு தடவயாவது மூணு பேரும் சேர்ந்து வாசிக்கணும்க்கா. சேர்ந்தா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுக்கா. அதக் கேக்காம அவன ஃப்ளைட் ஏத்த மாட்டேன்.”

“லீவு குடுப்பாங்களா?”

“கேட்டாத்தான மாட்டேம்பாவ? எல்லாக் கம்பெனியும் பூட்டுத நாள் ஒண்ணு இருக்குல்லா... ஆயுத பூஜை!”

அடேயப்பா, என்ன மூளை என்று நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எல்லா மெஷினும் வாயை மூடிக்கொள்கிற நாள். அன்று ராத்திரி ஷிஃப்டும் கிடையாது.

இடமும் கிடைத்தது. ஒரகடம் போகிற ரோட்டில் கன்னியப்பனின் லாரி ஒர்க்‌ஷாப். டேவிட்டின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். முந்தின நாளே டிரம்ஸ், கிடார், ஆம்ப் எல்லாவற்றையும் அங்கே இறக்கிவிட்டார்கள். பூஜை அன்று காலை மாவிலை கட்ட, பெருக்கித் துடைக்க ஏழுமலை ஒத்தாசைக்குப் போனார்.

அன்று மாலை நான் போனபோது ஷெட் நிறையக் கூட்டம். ஹாஸ்டல் பெண்கள், லாட்ஜ் பையன்கள், எல்லார் கையிலும் பொரியும் சுண்டலும். பேண்ட்காரர்கள் மூவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏன் என்று எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் மெஷின். அதே வரிசையில் ரெண்டு கிடார், டிரம்ஸ், மைக் உட்பட! சந்தனம், குங்குமம், தலைக்கு ஒரு முழம் சாமந்தி. கற்பூரம் காட்டி முடித்தாகிவிட்டது.

வைத்தது யார் தெரியுமா? ஏழுமலையேதான்! வருடா வருடம் கம்பெனியில் தன் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்துப் பழகிய கை. கிடாரைப் பார்த்ததும் தானாகச் செய்துவிட்டது.

“நான் இன்னாத்த கண்டேன்? கையில கருவி கீது, அத்த பூஜைல வெக்காம எப்டி வுடறது?” என்று தலையைச் சொறிந்தார்.

கன்னியப்பன் மசியவில்லை. “பூஜைல வெச்சத இன்னிக்கு எட்த்து வாசிக்கக் கூடாதும்மா. ஸ்பேனரையே நான் தொட மாட்டேன். அவசரம்னு ஒரு லாரிக்காரன் வந்தான், அவனையே நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன். உனக்கு மட்டும் இன்னா தனி சட்டம்?”

எல்லா மெஷினும் நிற்கிற நாளைத் தேடிப் பிடித்தார்களே... அன்றைக்குத் தங்கள் மெஷினும் நிற்கும் என்று ஒருத்தருக்குமா தோன்றாமல் போகும்?

ஏழுமலை டேவிட்டைப் பார்த்தார். “என்ன ஏன்டா பாக்கற? நான் சர்ச்சுக்குப் போறவன். பொட்டு வெச்சது நீ!” என்றார் டேவிட். கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

“பேசாம எட்த்துக்கினு வா, வேற எடத்துல வாசிக்கலாம்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். “சும்மா கெடங்க. அண்ணன் சொல்லுதது நியாயம்தான்.” பிறகு கன்னியப்பனிடம் கேட்டாள்: “நாளைக்குன்னா எத்தன மணிக்குண்ணே?”

“விடிஞ்சா நாளைக்குத்தான். குளிச்சிட்டு வந்து கற்பூரம் காட்டி எட்த்துக் குட்த்துடறேன்.”

“ஏழுமல, உனக்கு நாளைக்கு என்ன ஷிஃப்ட்?”

“ஏ ஷிஃப்ட்டு, காலைலயே. இதோ, ஷெட்டாண்டதான் பஸ் நிக்கும்.”

“எனக்கு நைட்டு. டேவிட்டுக்கு ராத்திரி ஃப்ளைட்டு. அப்ப பஸ் வாரதுக்கு முன்னால.” கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். “விடியக்காலம் எல்லாரும் வந்துருங்க!”

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. லீவுக்கு மறுநாள் விடியற்காலை... எந்த மடையன் வருவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் படுக்கையில் கிடக்க மனசு வரவில்லை.

போனேன். கூட்டம் இருந்தது — யூனிஃபார்மில்! ஷூ, ஐ.டி. கார்டு, சாப்பாட்டுப் பை என்று வேலைக்குக் கிளம்பியபடியே வந்து நின்றார்கள். தங்கள் ஸ்டாப்பை விட்டுவிட்டு இங்கே வந்து பஸ் ஏறுவதாக ஏற்பாடாம். கன்னியப்பன் ஈரத் தலையோடு கற்பூரம் காட்டி, கிடாரை எடுத்து அவளிடம் கொடுத்தார். சந்தனத்தைத் துடைக்கக் கூட நேரமில்லை.

மூன்று பேரும் சேர்ந்து வாசித்தது எப்படி இருந்தது? உள்ளதைச் சொல்கிறேன்... சகிக்கவில்லை.

டேவிட் முன்னால் ஓடினார். ஏழுமலை பின்னால் இழுத்தார். பாட்டு பாதியில் படுத்துவிட்டது. பாவம், மற்றவரை ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டு வாசித்தவர்கள். ஹெட்ஃபோனில் இருக்கிறவர் நமக்காக நிற்க மாட்டார், நாம்தான் துரத்திப் பிடிக்க வேண்டும். எதிரில் நிற்கிறவர் நம்மையும் கேட்பார் என்பதே அவர்களுக்குப் பழக்கமில்லை.

பேச்சியம்மாள் நிறுத்தினாள். “டேவிட், என் கையப் பாரு. ஏழுமல, நீ அவன் காலப் பாரு. ரோட்ட ஒருத்தரும் பாக்கக் கூடாது. மொதல்ல இருந்து!”

மறுபடியும் சொதப்பல். மறுபடியும் முதலிலிருந்து. வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. இந்தப் பெண் கேட்காமலே டேவிட் ஃப்ளைட் ஏறிவிடுவாரோ? ஆனால் அவள் சளைக்கவில்லை. கூட்டமும் நகரவில்லை.

அப்புறம்... வந்தது. டேவிட்டின் கால் அடிக்கிற இடத்தில் அவளுடைய விரல் விழுந்தது. அதைக் கேட்டு ஏழுமலை ஒரு நொடி காத்திருந்து உள்ளே நுழைந்தார். அவள் பாடினாள். முணுமுணுக்கவில்லை, தொண்டை கிழியப் பாடினாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் டேவிட் அழுதுகொண்டே அடித்தார். ஏழுமலைக்கு ஒரே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சிலிர்த்தது.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. மூவரில் ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு அறுந்து போகாமல் தன் முடிவுக்கு வந்து, தானே நின்றது.

ஏழுமலை கிடாரைக் கன்னியப்பன் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறினார். கூடவே யூனிஃபார்ம் கூட்டமும். மிச்சமிருந்தவர்கள் விடவில்லை. “ஒன்ஸ் மோர்! ரெண்டு பேரா வாசிங்க! எப்பவும் அப்டித்தான?” என்று ஒரே கத்தல்.

டேவிட் குச்சியைத் தூக்கினார். பேச்சியம்மாள் குனிந்து கிடார் ஒயரைப் பிடுங்கினாள்.

“ரெண்டு பேரா வாசிச்சதெல்லாம் மூணு பேர் சேர்ந்தா எப்படி இருக்கும்னு தெரியாத வரைக்கும்தான். இனி முடியாது.”

அவ்வளவுதான் கச்சேரி. ஒரே ஒரு பாட்டு... ஆனால் முழுப் பாட்டு!