இயந்திரத்துக்கு ஓர் அரைஞாண்

அண்ணா சட்டைப் பையிலிருந்து கறுப்பு அரைஞாண் கயிற்றை எடுத்தபோது, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுக்கு வாசனை அடித்தது. மட்டாஞ்சேரிக் கிடங்கில் வாலிபத்திலிருந்தே சுக்கும் மிளகும் சலித்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது.

என் மகளுக்கு அன்று பெயர் வைக்கிற நாள். பிறந்ததும் திறக்க வேண்டிய நுரையீரல் ரத்த நாளங்கள் அவளுக்கு இறுகியே கிடந்தன. செயற்கைச் சுவாசமும் மருந்தும் எடுபடாமல், எர்ணாகுளத்தில் இந்தக் கடைசி வழிக்கு வந்திருந்தோம். கழுத்தில் போட்ட குழாய் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, ஓர் இயந்திரம் அதில் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பியது. நுரையீரலுக்கு அதனால் ஓய்வு கிடைக்கும், நாளங்கள் திறந்துகொண்டால் பிழைப்பாள் என்றார் டாக்டர். திறக்காவிட்டால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தாய்மாமன் கையால் அரைஞாண் கட்டிய பிறகுதான் எங்கள் வீட்டில் குழந்தையின் காதில் பெயர் சொல்வது. ஆனால் கழுத்துக் குழாய் அசைந்தால் ஆபத்து, குழந்தையைத் தொடக் கூடாது. அண்ணாவா விடுவார்? குழாயில் ரத்தம் ஓடுவதையே வெகுநேரம் பார்த்தார். "இவ ரத்தம்தானேடி இதுல ஓடறது? அப்ப இதுவும் குழந்தைதான்" என்று கயிற்றைக் குழாயிலேயே சுற்றப் போய்விட்டார். நர்ஸ் சேச்சி பாய்ந்து வந்து, கட்டவிடாமல் கையைப் பிடித்தாள்.

"அய்யோ சேட்டா, டியூபில் கெட்டல்லே! ரக்தம் நின்னு போவும்!"

அண்ணாவின் முகம் வெளிறிவிட்டது. கயிறும் கையுமாகத் தேம்பித் தேம்பி அழுதார். சேச்சி கயிற்றை வாங்கி ஏதோ மருந்தில் துடைத்து, இயந்திரத்தின் கைப்பிடியைக் காட்டினாள். "இவிடெ கெட்டிக்கோ." அண்ணா கட்டினார். கட்டிவிட்டு, குனிந்து, இயந்திரத்திடமே என் மகளின் பெயரை மூன்று முறை சொன்னார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

நாளங்கள் திறந்தன. சேச்சி அவிழ்த்துக் கொடுத்த கயிற்றை, வீட்டுக்கு வந்த அன்றே அண்ணா மகளின் இடுப்பில் கட்டினார். "உங்கக்கா கட்டிண்ட கயிறு" என்று அந்த இயந்திரத்தை அவளுக்கு அக்காவாக்கி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கதை சொல்லிக் கேலி செய்வார்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. கிடங்குத் தூசி அண்ணாவின் நெஞ்சை அரித்துவிட்டது; சுள்ளிக்கல் வீட்டில் மூக்கில் குழாயோடு, பிராணவாயு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் பழைய கயிற்றை எடுத்துவந்தாள். குழாயை ஜாக்கிரதையாக ஒதுக்கிவிட்டு, கைப்பிடியில் கட்டி, குனிந்து, இயந்திரத்திடம் மாமாவின் பெயரை மூன்று முறை சொன்னாள்.

அண்ணாவுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. அடங்கியதும் கேட்டார்: "முடிச்சு கெட்டியாப் போட்டியோடி?"