நீலச் சாக்பீஸ் வட்டம்

சன்ஸ்கிரீன் டியூப்பைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிவிடுவார், பக்கத்துக் கடை டெய்லரக்கா. விலையோ முகப்பில் சிரிக்கும் பெண்ணோ அவர் கண்ணில் படாது. நூல் கோக்கும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பொடி எழுத்துப் பெயர்களை விரல் வைத்துப் படிப்பார். வாசனைப் பொருள் என்று தட்டுப்பட்டால் போதும், "வேணாம்ணே, மணக்கறதெல்லாம் என் பொண்ணுக்கு ஆகாது" என்று என் மேசையிலேயே திருப்பி வைத்துவிடுவார். ஆக்சிபென்சோன் என்கிற ரசாயனத்துக்கும் அதே கதிதான். மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சன்ஸ்கிரீன் வாங்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்க மாட்டேன்."

அவருடைய ஒரே மகள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வெயில் பட்டால் முகம் கன்றிவிடும். போன வருஷம் தோழி தந்த கிரீமைப் பூசிக் கண் மூடும் அளவுக்கு வீங்கி, ஆட்டமே இல்லாமல் போனது. இந்த ஞாயிறு இறுதி ஆட்டம். அவளுடைய புதுச் சட்டையின் முதுகுக்கு ஆட்ட நம்பரைத் துணியில் வெட்டியவர், அதைத் தைக்காமல் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்.

"தைச்சுட்டு, அவ ஆடலைன்னா அப்புறம் பிரிக்க என்னால முடியாதுண்ணே" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

சோதனையும் தையல்காரியின் சோதனைதான். நீலச் சாக்பீஸால் மகளின் முழங்கை மடிப்பில் வட்டம் போட்டு, அதற்குள் பொட்டளவு பூசுவார். குறி போடாமல் அவருக்குக் கை ஓடாது. மறுநாள் அந்த இடம் சிவந்திருக்கும், டியூப் குப்பைக்குப் போகும். வாசனையே இல்லாத, துத்தநாக ஆக்சைடு கிரீமுக்கும் சிவந்தபோது, மகளை இழுத்துக்கொண்டு வந்து என் கடையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, சரியாப் பாரேன். நடுவுல ஒண்ணுமில்ல, சுத்தித்தான் அரிக்குது" என்றாள் மகள்.

நானும் எட்டிப் பார்த்தேன். கிரீம் பட்ட இடம் நன்றாக இருந்தது. சாக்பீஸ் ஓடிய கோடு மட்டும் தடித்துச் சிவந்திருந்தது.

"அடக் கடவுளே, என் சாக்பீஸா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

அதே கிரீமை மறு கையில், ஒரு மச்சத்தை அடையாளம் வைத்துக் கோடில்லாமல் பூசினார். பிறகு காதுக்குப் பின்னால். சனிக்கிழமை வரை இரண்டிலும் ஒன்றும் கிளம்பவில்லை.

"அப்ப நான் ஆடலாமாம்மா?"

டெய்லரக்கா எழுந்து போய், கையிலிருந்த நீலத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். தன் கடை மிஷினில் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, உதட்டில் கவ்விக்கொண்டு, பெடலை மிதித்தார்.