பக்கத்துக் கட்டில் பையன்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அப்பா கால் முறிந்து செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனைப் பார்த்தேன். கோவளத்துக்காரன். வயது இருபத்திரண்டு, பார்த்தால் பத்தாவது படிப்பவன்போல இருப்பான். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் ஊசி. படகிலிருந்து மணலில் குதித்ததற்கே இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புரளும்போதெல்லாம், வேறு யாருடைய காலையோ நகர்த்துவதுபோல் தன் காலை இரு கைகளாலும் தூக்கி வைப்பான்.

அன்று மதியம் டாக்டர் வந்து விளக்கினார். அவன் குடலுக்குக் கோதுமை ஆகாது. வருஷக்கணக்கில் அது குடலைப் புண்ணாக்கி, எலும்புக்குச் சத்தே சேராமல் செய்துவிட்டது. இனி கோதுமையைத் தொடவே கூடாது.

"எலும்பு பழையபடி ஆயிடுமா சார்?"

"பாக்கலாம்" என்றார் டாக்டர், அவனைப் பார்க்காமல்.

அவர் போனதும் என்னிடம் திரும்பினான். "சக்கரைக்கு நல்லதுன்னு தெனம் ராத்திரி எங்கம்மா எனக்கு மட்டும் சப்பாத்தி சுட்டுகினு கீது அண்ணாத்த. மத்தவங்களுக்கு சோறுதான். இத்த எப்டி அதுகிட்ட சொல்றது?"

சாயங்காலம் மீன் விற்ற கையோடு அவன் அம்மா டிபன் டப்பாவுடன் வந்தார்.

"ஊசி போட்டுகினியா? துன்னு."

"அப்பறம் துன்றேம்மா."

"ஊசி போட்டுட்டு வெறும் வயித்துல இருந்தா மயக்கம் வந்துரும்டா. முறிஞ்ச எலும்பு ஒட்ட வாணாமா?"

அவர் சப்பாத்தியைப் பிய்த்து ஊட்டினார். அவன் என்னைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தின்றான்.

மறுநாள் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அவன் அம்மாவிடம் எப்போது சொன்னான், சொன்னானா என்பதே எனக்குத் தெரியாது. அந்த அம்மாளை நினைத்தால் அவன் சொல்லாமலே இருந்திருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அவனை நினைத்தால் அப்படித் தோன்றியதற்காக மனம் நடுங்குகிறது.