சாமி எடுத்துக் கொடுத்த பெயரும் பலாமரத்து வீடும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தில் நான் செய்த மடத்தனம் ஊருக்குத் தெரிய வேண்டுமா என்ற கூச்சம்தான். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் எங்கள் வீடு. சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக மாடியில் இரண்டு அறை கட்டினோம். சமையல் என் மனைவி பொறுப்பு. அந்த முதல் சீசன் சரியாக அமையாவிட்டால் மாடியைப் பூட்டிவிட்டு அவள் மறுபடியும் பீடி சுற்ற உட்கார வேண்டியதுதான்.

ஆட்கள் தேடி வர வெப்சைட் வேண்டும் என்றார்கள். தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் பெண், "பேர மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பினாள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முருகன் சன்னிதியில் சீட்டுப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். மூன்று பெயர் எழுதி மடித்து வைத்தேன். மூன்றுமே முழ நீளம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். குலசாமி பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், கடைசியில் 'நினைவு இல்லம்', எல்லாம் ஒட்டிய ஒரே பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டைப் செய்யச் செய்ய அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "நாப்பத்தோரு எழுத்து வருது அண்ணாச்சி! இத யாரு அடிப்பா?"

"சாமி உத்தரவும்மா. மாத்தப்படாது."

அப்புறம் பட்டேன் பாருங்கள். போன் செய்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. பாதியிலேயே "அப்புறம் பேசுதோம்" என்று வைத்துவிடுவார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் எரிச்சல். ஒரு பெயரைப் பொறுமையாக அடிக்கக்கூடவா முடியாது?

ஒருநாள் நல்ல சாரல். அறை கேட்டிருந்த ஒரு தம்பதி கைக்குழந்தையோடு ஐந்தருவியில் நின்றுகொண்டு வழி கேட்டார்கள். வழிப்படம் வெப்சைட்டில்தான் இருந்தது. வேறு விதமாக அனுப்ப எனக்குத் தெரியாது. அருவிச் சத்தத்துக்கு மேல் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன். நாலு தடவை. ஐந்தாவது தடவை குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஓர் ஆட்டோ. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். செங்கோட்டை சவாரியை விட்டுவிட்டு அவர்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரருக்கு என் மேல் கோபம்.

"ஏன் அண்ணாச்சி, பலாமரத்து வீடுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? இலஞ்சியில மாடியில புதுசா ரூம் கட்டுன வீடுன்னாவ. நானா யூகிச்சிக் கூட்டியாந்தேன். கைப்பிள்ளய வச்சிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டு நிக்காவ!"

வாசலில் நிற்கும் அந்தப் பலாமரத்தை எனக்குப் பிடிக்காது. பழம் விழுந்தால் ஈ மொய்க்கும். அதை வைத்து ஊர் எங்கள் வீட்டைச் சொல்வதும் பிடிக்காது. அதனாலேயே அந்தப் பெயரைச் சீட்டில் எழுதவில்லை.

குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி கேட்டாள். "இப்பமாவது பேர மாத்துவியளா?"

"சாமி எடுத்துக் குடுத்ததுல்லா..." என்று இழுத்தேன்.

"எழுதுனது நீங்க. உங்க ஆசைய மூணு துண்டாக் கிழிச்சி வச்சீய. அவரு ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. நீங்க எழுதாத பேர அவரு எங்கன போயி எடுப்பாரு?"

மறுநாள் தேங்காய் பழத்தோடு போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். சீட்டுப் போடவில்லை. வெப்சைட்டின் பெயரைப் பலாமரத்து வீடு என்றே மாற்றினோம். மாடியைப் பூட்டவில்லை. பீடித் தட்டு இன்றுவரை பரண் மேல்தான் கிடக்கிறது.

வெப்சைட்டுக்குப் பெயர் தேடி அலைகிற யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். என் மடத்தனத்தைக் குறைக்காமல், சாமி மேல் பழி விழாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். இப்போதும் சன்னிதியில் சீட்டு வைக்கிறேன். ஆனால் ஒன்றுமே எழுதாத சீட்டு ஒன்றையும் கூடவே மடித்து வைக்கிறேன், என் ஆசைக்கு வெளியிலும் சாமிக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று.