கந்தப்பன் சுற்றிய சுருள்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கந்தப்பன் எஞ்சின்காரன். எஞ்சினுக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. கிட்டாருக்கு மின்சாரம் ஏற்றுவது அவன் கிறுக்கு. நுவரெலியா ஹோட்டல்களில் வாசிப்பவர்கள் சாதாரணக் கிட்டாரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தந்திகளுக்கு அடியில் காந்தம் வைத்து, தலைமயிர் போன்ற செம்புக்கம்பியை அதன்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி, ரேடியோப் பெட்டியில் இணைத்து ஒரு தட்டுத் தட்டுவான் பாருங்கள், ஸ்டோர்க் கூரையே கிடுகிடுக்கும்!

அறுபத்து நாலாம் வருஷம் அங்கே வாசிக்கும் டிக்சன் மாத்தையா என்ற பறங்கியர், முழு பேஸ் கிட்டாரே செய்து தரச் சொன்னார். உடம்புக்குப் பலாப்பலகை கிடைத்தது. மெல்லிய கம்பிக்குத்தான் பஞ்சம். அந்த நேரம் பார்த்து ஸ்டோரில் இருந்த, கைப்பிடி சுற்றி மணியடிக்கும் பழைய டெலிபோனைக் கழற்றி எறிந்தார்கள். அதற்குள் காந்தமும் இருந்தது, கம்பியும் இருந்தது. இரண்டையும் எடுத்துச் சுருள் சுற்றினான். அவன் இடத்தில் நானாக இருந்தால் அந்தச் சனியனைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி காளியாயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். அன்று இந்த டெலிபோன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தொழிலாளி கை அதில் படக்கூடாதென்பது ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் கட்டளை. ஐயாவோ சாப்பிடப் போயிருந்தார். பத்தடி தூரத்தில் எண்ணெய்க் குவளையோடு நின்ற கந்தப்பன் தொடவில்லை. பாழாய்ப்போன பயம்! மணி நின்றது. அந்தியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை பூரணி உயிரோடிருந்தாள். காளியாயி இரத்தம் போய்ச் செத்திருந்தாள். "லொறி கேட்டு நாந்தான் அடிச்சேன்" என்றார் மருந்து கொடுக்கும் ஐயா. இவனும் நம்பினான்.

பேஸ் கிட்டாரை வாங்கிப்போன டிக்சன் மாத்தையா பத்தே நாளில் திரும்பி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கந்தப்பன், இதுல ஒரு பொம்பள பேசுறது. நான் இத வாசிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் ஆளில்லை. வெளியே பட்டப்பகலிலும் பனிமூட்டம். பூரணியை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறந்து சக்கரத்தை ஓடவிட்டு, பேஸ் கிட்டாரை ரேடியோவில் மாட்டினான். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"யாராச்சும் இருக்கீங்களா? இங்க மருந்து ஐயாவக் காணோங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு அங்கதான் எஞ்சினுக்கிட்ட நிப்பாரு. கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க."

ஐயோ! அன்று மணி அடித்தது மருந்து ஐயா இல்லை, காளியாயியேதான்.

"காளியாயி, நாந்தான் புள்ள! இங்கதான் நிக்கிறேன்!" என்று கத்தினான். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். அவன் செய்தது கேட்கும் சுருள். பேசும் குழல் அதில் இல்லை. பதறிப்போய்த் தடித்த தந்தியைச் சுண்டினான். குரல் சட்டென்று நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! அவன் அழுதுகொண்டே மறுபடியும் சுண்டினான்.

"இங்க ஒரே குளிருங்க. தனியா இருக்கேன். பிள்ளயவும் தூக்கிட்டு வந்துருங்க."

கந்தப்பன் தந்தியிலிருந்து கையை எடுத்தான். பின்னால் காலடி கேட்டது. பூரணி உள்ளே வந்து, ரேடியோவைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"கூப்புடுறாங்களேப்பா. போவோமா?"

அவன் ஒரு கையால் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். மறு கையால் கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

"சீக்கிரம் வாங்க" என்றது ரேடியோ.

"நாங்க வரல, காளியாயி. என்ன மன்னிச்சுரு" என்றான். அவளுக்குக் கேட்காதென்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டுத்தான் சுருளின் கம்பியை வெட்டினான்.