வளர்கிற கைக்கு ஒரு மட்டை

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துச் சட்டை முழங்கையைத் தாண்டித் தொங்கும். பாவாடையின் ஓரத்தை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஷூ வாங்கப் போனால் அப்பா குனிந்து என் குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு விரல் நுழைந்தால் யோசிப்பார். இரண்டு விரல் நுழைந்தால்தான் அவருக்கு முகம் மலரும், பெட்டியில் போடச் சொல்லிவிடுவார். சர்க்கார் சம்பளத்தில் தில்லியில் குடித்தனம் நடத்தும் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று அம்மா சமாதானம் சொல்வாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எதிர் பிளாக்கில் இருந்த பஞ்சாபிப் பெண்ணின் ஷூ அவள் காலில் ஒழுங்காகத்தான் நின்றது.

இந்த அப்பாவிடம்தான் நான் டென்னிஸ் மட்டை கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. மோதி பாகில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஆபீசர்கள் ஆடுகிற மண் கோர்ட் ஒன்று இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்னால், பள்ளிவிட்டு வரும் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு கோச் அங்கே சொல்லிக்கொடுத்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்களையும் பட்டாளமாகவே நடத்தினார். முதல் வருஷம் கிளப்பில் கிடந்த பழைய மட்டைகளைத் தந்து ஆடவிட்டார். அடுத்த வருஷம் சொந்த மட்டை இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டென்னிஸ் இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் அம்மாவின் பின்னாலேயே சுற்றினேன். நான்காம் நாள் அப்பா சரி என்றார்.

அப்போது என் ஆட்டம் முழுக்க வலைக்குப் பக்கத்தில்தான். உயரமும் கிடையாது, பலமும் கிடையாது. ஆனால் ஓடுவேன். பந்து தரையில் படுவதற்குள் பாய்ந்துபோய் மணிக்கட்டால் ஒரு தட்டு தட்டிவிடுவேன். இந்த ஆட்டத்துக்கு லேசான மட்டையும் சின்னப் பிடியும் வேண்டும் என்று கோச் சொல்லியிருந்தார். பிடியைப் பார்த்து வாங்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். மட்டையைப் பிடித்திருக்கும்போது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் பிடி பெரிது, அந்த மட்டையைத் தொடாதே. இதை நான் பஸ்ஸிலேயே அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கன்னாட் பிளேஸில் ஒரு கடை. கடைக்காரர் ஒரு சர்தார்ஜி. முதலில் அவர் எடுத்துக் கொடுத்த மட்டையைப் பிடித்ததுமே இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. அப்பா தன் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு விரல்தான் போகுது. அடுத்த வருஷம் பத்தாதே" என்றார்.

"அப்பா, இது ஷூ இல்ல. ஒரு விரல்தான் போகணும்."

"கை வளராதாக்கும்?"

அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு மட்டை இறங்கியது. ஆறடி ஆள் பிடிக்கிற மட்டை. எத்தனை வருஷமாக அங்கே இருந்ததோ, சர்தார்ஜி துணியால் தூசி தட்டிவிட்டுத்தான் கொடுத்தார். தூக்கும்போதே என் தோள் ஒரு பக்கம் இறங்கியது. விரல் இரண்டு தாராளமாக நுழைந்தது. அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. குழந்தை வளர்ந்துவிடும் பாபுஜி, இவ்வளவு உறுதியான மரம் இனிமேல் கிடைக்காது என்று சர்தார்ஜி இந்தியில் ஒத்து ஊதினார். மட்டை கோணிப்போகாமல் இருக்க நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச் சட்டம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். வீடு வரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.

மறுநாள் கோச் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆடப்போவது நீயா உன் அப்பாவா என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு வலைக்கு ஓடுவது நடக்கிற காரியமில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போய்விடும். மணிக்கட்டால் தட்டினால் மணிக்கட்டுதான் வலித்தது. கோச் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, ஆட்டத்துக்குத் தகுந்த மட்டைதான் வாய்க்கவில்லை, மட்டைக்குத் தகுந்த ஆட்டமாவது ஆடு என்று என்னைப் பின் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு கையாலும் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பந்து வருவதற்கு முன்பே மட்டையைப் பின்னால் கொண்டுபோய்க் காத்திருக்கவும் கற்றுக்கொண்டேன். ஓங்கி அடிப்பதில்லை, வருகிற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புவேன், அவ்வளவுதான். மட்டையின் கனமே பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும், எதிரே ஆடுகிறவளுக்கு அழுகை வரும். இப்படியே இரண்டு வருஷத்தில், பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு எங்கள் பள்ளியில் எடுத்த இரண்டு பெண்களில் நானும் ஒருத்தியானேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் பெரியவளானேன்.

கரோல் பாகிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் சொல்லை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை. உள் அறையில் தனித் தட்டு, தனி டம்ளரோடு நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். அம்மா உளுந்தங்களி கிளறிக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஏ தம்பி, சமைஞ்ச புள்ளைய குட்டப் பாவாடையோட மைதானத்துல ஓடவிட்டா, நாளைக்கு ஊர்ல எவன் வந்து பொண்ணு கேப்பான்? போதும், ஆடுன வரைக்கும்."

அப்பா வாயைத் திறக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். என்னைப் பள்ளி அணியில் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். கோச் என்னைப் புகழ்ந்ததைச் சொல்லலாம். எதுவும் இல்லாவிட்டால், பாவம், குழந்தை ஆசைப்படுகிறாள் என்றாவது சொல்லலாம்.

"நீங்க சொல்லுதது சரிதான்க்கா" என்றார் அப்பா.

அப்புறம் அவர் மட்டையை எடுத்துவரும் சத்தம் கேட்டது.

"ஆனா இந்த பேட்டைப் பாருங்க. பெரிய ஆளுக பிடிக்கிறது. வளந்தா சரியா இருக்கும்னு வாங்குனேன். ரெண்டு வருஷமா அளவில்லாமக் கெடந்து, இப்பதான் அவ கைக்கு வந்திருக்கு. இப்பப் போயி பரண்ல போட்டா அம்புட்டும் வீணால்லா போகும்?"

"வித்துற முடியாதா?"

"பாதி விலைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான்க்கா."

அத்தை மட்டையின் நரம்பைச் சுண்டிப் பார்த்தார் போலிருக்கிறது, டங்கென்று கேட்டது. ஊர் வாய்க்கு அத்தை பயப்படுவார். ஆனால் வாங்கின பொருள் சும்மா கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"சரி, இது ஒடையுற வரைக்கும் ஆடட்டும். பாவாடை மட்டும் முட்டுக்குக் கீழ இருக்கணும்" என்றார்.

அப்பாவின் பராமரிப்பில் அந்த மட்டை நான் கல்லூரி முடிக்கும்வரை உடையவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. விலையைப் பேசினார், மட்டையைப் பேசினார். அதிலும், மட்டை என் கைக்குச் சரியாக வந்துவிட்டதாமே! பிடி பெரிதாக இருந்து என் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. போன வாரம் அதற்கு மருந்து போட்டுவிட்டவரே அவர்தான். அதுகூடவா ஒரு மனுஷருக்கு மறந்துபோகும் என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அத்தை பஸ் ஏறிப் போனதும் அப்பா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேட்ச் என்னைக்கும்மா?" என்று கேட்டார்.

"உங்க பேட்டையே கேளுங்க" என்றேன்.

அப்பா சிரித்தார். அவர் எதற்காகச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கும் சேர்த்து அழுதேன்.